பச்சைப் படகுக்காரர்

இதை எழுத உட்கார்ந்ததற்குப் படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது மூன்றாம் பாரம் வரைதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். கடல் பயணம் என்றால் ஒரே ஒரு தடவை பக்கத்துத் தீவான புலாவ் கெத்தாமுக்குப் போய், போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்ததுதான். அப்படிப்பட்டவள் உலகத்தைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஒரு வருடம் எங்கள் குடும்பத்தின் தலையெழுத்து அந்தப் போட்டியில் போய் மாட்டிக்கொண்டது. இதைச் சொல்ல இப்போது வேறு ஆள் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கிள்ளான் பக்கம் கொமுட்டர் ரயில் புதிதாக ஓட ஆரம்பித்திருந்தது. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் அத்தானும் போர்ட் கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அத்தானுக்கு இழுவைப் படகில் வேலை. மணல் ஏற்றிய பெரிய மிதவைகளைக் கட்டிக் கடலோரமாக இழுத்துப் போகிற படகு.

அந்தப் போட்டியைப் பற்றித் துறைமுகத்தில் ஒரு மாலுமி அவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு ஆள், ஒரு படகு. துணைக்கு யாரும் கிடையாது. எங்கேயும் நிற்காமல் உலகத்தைச் சுற்றிவர வேண்டும். எங்கள் கடை முதலாளி வாங்கும் ஆங்கிலப் பத்திரிகையில், விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் அந்தச் செய்தி சின்னதாக வரும். முதலாளி படித்து முடித்ததும் அதைக் கத்தரித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். காலண்டரில் இருந்த உலகப்படத்தை அத்தான் சுவரில் ஒட்டியிருந்தார். அக்காவின் ஸ்டிக்கர் பொட்டுகளில் படகுக்கு ஒன்றாக எடுத்து அதில் வைத்து, செய்தி வர வர நகர்த்துவார். பச்சை நிறப் படகில் போன ஒரு வெள்ளைக்காரர்தான் அவருடைய ஆள். கொஞ்சம் வயதானவர். எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்.

"இங்க பாரு, பொண்டாட்டி தொல்லை இல்லாம இருக்க எவ்ளோ தூரம் போறான்" என்பார் அத்தான்.

"நீங்களும் போங்களேன். யாரு கையப் புடிச்சி இழுக்கறா?" என்பாள் அக்கா.

"போவேன் லா. சோறு யாரு ஆக்கறது?"

ஒரு நாள் மட்டும் விளையாட்டில்லாமல் பேசினார். "எங்க போட்டுல அஞ்சு பேரு இருக்கோம். அப்படியும் காத்து அடிச்சா நான் கம்பியப் புடிச்ச கைய விடறதில்ல. இவன் எப்படித்தான் தனியா கெடக்கறானோ."

தீபாவளி முடிந்து சில வாரங்கள் கழித்து அத்தானின் படகு கவிழ்ந்தது. சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வந்த காற்று. மற்ற நால்வரையும் மீன்பிடிக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அத்தான் கிடைக்கவில்லை. கடல் போலீஸ் சில நாட்கள் தேடியது. அப்புறம் தேடவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது, ஏதாவது கிடைத்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

உடல் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொண்டார்கள். அக்கா எப்போதும் போலப் பூ வைத்துக்கொண்டாள். அத்தானின் கைலியைத் துவைத்து மடித்து வைத்தாள். சுவரில் இருந்த பொட்டுகளை இப்போது அவளே நகர்த்தினாள். அதனால் நான் செய்தி கொண்டுபோவதை நிறுத்தவில்லை.

அக்காவின் மாமியாருக்கு இன்னொரு கவலை இருந்தது. அவரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கடைசி மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் செலாயாங்கிலிருந்து வந்து, கருமாதி முடியாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாவுச் சடங்கு செய்துவைக்கிற பண்டாரத்தைக் கேட்டதற்கு அவர் வழி சொன்னார். தர்ப்பைப் புல்லில் அத்தானைப் போல உருவம் செய்து, அதை எரித்து, எல்லாச் சடங்கும் செய்துவிடலாம். ஆனால் மனைவி வந்து உட்கார வேண்டும். தாலியைக் கழற்ற வேண்டும்.

"புல்ல எரிக்கறதுக்கு நான் தாலி அறுக்கணுமா?" என்றாள் அக்கா. அதோடு பேச்சு நின்றுபோனது.

மார்கழியில் அத்தை மறுபடியும் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமியின் பதில். அதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அந்த வாரம்தான் பச்சைப் படகிலிருந்து ரேடியோ பேச்சு நின்றுபோயிருந்தது. தெற்கே, ஐஸ்கட்டி மிதக்கிற கடலில். நான் கொண்டுவந்த துண்டுச் செய்தி மேசைமேல் கிடந்தது.

அக்கா அதைக் காட்டினாள். "பூ வேணாம் அத்தை. பூவுக்குக் கடலப் பத்தி என்னா தெரியும்? இந்த ஆளும்தான் காணாம போயிருக்கான். இவன் செத்துட்டான்னு தெரிஞ்சா நான் வந்து உக்காருறேன். உயிரோட கெடச்சான்னா உங்க மகனும் எங்கயோ இருக்காருன்னு அர்த்தம். கல்யாணத்த நீங்க தள்ளி வைக்கணும்."

பைத்தியக்காரப் பேச்சு என்று நான் நினைத்தேன். அத்தை அப்படி நினைக்கவில்லை. அந்தப் பத்திரிகைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "சரி" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அத்தை தினமும் சலவைக் கடைக்குப் போன் செய்தார். "அந்த வெள்ளக்காரன் என்னா ஆனான்?" முதலாளி ஒரு நாள் போனை என்னிடம் நீட்டிக்கொண்டே, "யாரும்மா அந்த வெள்ளக்காரன், உங்க சொந்தமா?" என்று கேட்டார். முகம் தெரியாத ஒரு மனிதர் செத்தால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். பிழைத்தால் என் அக்கா சுமங்கலியாக இருப்பாள். அத்தை தினமும் கோயிலுக்குப் போகிறார் என்று தெரிந்ததும், நான் கூச்சத்தை விட்டு, "என்னா வேண்டிக்கிறீங்க அத்தை?" என்று போனில் கேட்டுவிட்டேன்.

"அவனும் யாரோ பெத்த பிள்ளைதான். செத்துப்போன்னு வேண்ட முடியுமா? பொழச்சுக்கோன்னும் சொல்ல வாய் வரல. வெளக்கப் போட்டுட்டு சும்மா நின்னுட்டு வரேன்."

பிறகு ஒரு காலையில் செய்தி வந்தது. இந்தத் தடவை மூலையில் இல்லை. படத்தோடு பெரிதாகப் போட்டிருந்தார்கள். படகு உடைந்து, அவர் ஒரு ரப்பர் தெப்பத்தில் கிடந்திருக்கிறார். உயிரோடு எடுத்துவிட்டார்கள். போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தார், தாடி வளர்ந்து, எலும்பும் தோலுமாக. முதலாளியிடம் அரைநாள் விடுப்பு கேட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். வழி நெடுக எனக்குச் சந்தோஷம்தான். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அத்தையும் அங்கே வந்திருந்தார். நான் பத்திரிகையை விரித்து, தெரிந்த மட்டும் தமிழில் சொன்னேன். அக்கா படத்தை உற்றுப் பார்த்தாள்.

"எப்படிக் கண்டுபுடிச்சாங்களாம்?"

"பிளேன் போயிருக்கு அக்கா. ஒரு பிளேன் எண்ணெய் போடத் திரும்பினா இன்னொன்னு போகுமாம். விடாம பாத்திருக்காங்க. அப்புறம் ஒரு போர்க்கப்பல அங்க திருப்பி விட்டுருக்காங்க."

"ஒரு ஆளுக்கா?"

"ஒரு ஆளுக்குத்தான்."

அக்கா பத்திரிகையை மடித்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. அத்தை எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"சொன்ன சொல்லு சொல்லுதாம்மா. அவன் பொழச்சிட்டான். நான் செலாயாங்குக்குப் போயி கல்யாணத்த தள்ளி வைக்கச் சொல்லிடறேன். முடியாதுன்னா போகட்டும்."

"வேணாம் அத்தை."

"என்னாம்மா?"

"அவன் பொழச்சது தேடிப் போனதாலதான். நம்மாளுக்கு யாரு போனா?" அக்காவின் குரலில் அழுகை இல்லை. "ரெண்டு போட்டு வந்து சுத்திட்டுப் போனானுங்க. அப்புறம் எவனும் போகல. போகாத எடத்துலேருந்து அவரு மட்டும் எப்படி வருவாரு? நாளைக்கே முடியுமான்னு பண்டாரத்தக் கேளுங்க."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அதுவரை அவர் தன் மகனுக்காகச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் காலை கடலோரத்தில் பண்டாரம் புல்லில் உருவம் செய்து எரித்தார். அக்கா உட்கார்ந்தாள். மழை இல்லை. பதினோரு மணி வாக்கில் எல்லாம் முடிந்தது.