இருட்டில் தெரிந்த கை

மலேசியாவின் ஈப்போ நகரில் தோசையும் டீயுமாகப் பசியாறிவிட்டு, காலை ஒன்பது மணிக்குக் கோப்பெங் பக்கம் கிளம்பினோம். தெற்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். கார் ஓட்டியது நான். என் கணவர் செல்வம் போன வருஷமே ஓட்டுவதை விட்டுவிட்டார். அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் இருப்பது மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிகிறதாம். அதுவும் ஒருநாள் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பால்மரக் காடாக, ரப்பர் வெட்டிய தோட்டங்களில் இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. அதற்குப் பின்னால், தரையிலிருந்து நேராக எழும்பிய சுண்ணாம்புக் குன்றுகள். அதில் ஒன்றுக்குள்தான் நாங்கள் பார்க்க வந்த குகை.

வாசலிலேயே செல்வம் நின்றுவிட்டார். "இருட்டுக்குள்ள வந்து நான் என்னத்தப் பாக்கப்போறேன்? நீ போய்ட்டு வா."

வழிகாட்டியாக வந்த கோமதி விடவில்லை. "கம்பி புடிச்சிக்கிட்டு மெதுவா போலாம் லா, அண்ணே."

போனோம். மேலே கூரை எங்கே முடிகிறது என்றே தெரியாத பெரிய பெரிய கூடங்கள். கல்லில் நீர் சொட்டும் ஓசை நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. கடைசிக் கூடத்தில் கோமதி, "இங்க டார்ச்ச அணைக்கிறது வழக்கம். வேணாம்னா சொல்லுங்க" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வம் முந்திக்கொண்டார். "அணைங்க. எப்படித்தான் இருக்கும்னு பாத்துக்கிறேன்."

அப்படியொரு இருட்டை நான் கண்டதில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

"ஒங்க கைய மூஞ்சிக்கு முன்னால ஆட்டிப் பாருங்க" என்றது கோமதியின் குரல்.

ஆட்டினேன். சாம்பல் நிழலாக என் கை அசைவது தெரிந்தது! எங்கிருந்தோ வெளிச்சம் கசிகிறது என்று நினைத்தேன்.

"இப்ப என் கைய ஆட்டுறேன். தெரியுதா அக்கா?"

கன்னத்தில் காற்றுப் பட்டது. கண்ணுக்கு எதுவுமில்லை.

"இங்க வெளிச்சமே கெடையாது. ஒங்க கை எங்க போவுதுன்னு ஒங்க மூளைக்குத் தெரியும். அதுவே படம் போட்டுக் காட்டுது. எல்லாருக்கும் தெரியாது, சில பேருக்குத்தான்."

செல்வத்துக்கு என்ன தெரிந்தது என்று கேட்கப் பயந்து நின்றேன்.

"மறையல" என்றார் அவர் மெல்ல.

"என்னங்க?"

"வெளியில கைய ஓரத்துக்குக் கொண்டுபோனா காணாமப் போயிரும். இங்க காது பக்கம் வரைக்கும் கொண்டுபோறேன். மறையவே இல்ல."

கோமதி டார்ச்சைத் தேடும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் இருங்கம்மா" என்றார் செல்வம். அவர் சட்டைக் கை உரசும் ஓசை மட்டும், இப்படியும் அப்படியுமாக, வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அவர் வெயிலில் கையை நீட்டிப் பார்த்தார். "பழையபடி ஓரத்துல மறையுது" என்றார். சிரித்துவிட்டுக் கோமதி பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கம் வேற எங்க குகை இருக்கு?"