அந்தப் பாட்டைப் போட்டதற்காக

தம்பியை அடித்தது ஒரு சினிமாப் பாட்டுக்காக. மனிதரில் மேல் கீழ் இல்லை என்று சொல்லும் பாட்டு. அப்போது அது ஒலிக்காத டீக்கடை கிடையாது. காரமடைப் பக்கம் எங்கள் ஊரில் மேல்தெருக் கல்யாணத்தில்கூட அதற்கு ஆடினார்கள். மில் வேலை முடிந்து வந்த தம்பி, பைக்கில் அதையே சத்தமாக வைத்துக்கொண்டு கோயில் வீதியில் நுழைந்தான்.

"காலனிக்காரனுக்கு இந்த வீதியில பாட்டுக் கேக்குதா?"

மேல்தெரு ஆட்கள் இழுத்துப் போட்டுக் கட்டையால் காதோடு சேர்த்து அடித்தார்கள். இடது காது போயிற்று.

ஸ்டேஷனில், "வண்டியில இருந்து உழுந்துட்டான்னு எழுதிக் குடுத்துப்போட்டுப் போ அம்மணி. நாளைக்கும் அந்த ஊர்லதான பொழைக்கோணும்?" என்றார்கள். தெரிந்த கட்சிக்காரர்கள் போனை எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் லேப் டெக்னீசியன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். அந்தப் பாட்டைப் பாடியவர் ஒரு கல்லூரி விழாவுக்கு வருகிறார் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். அவர்மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. போய்ப் பார்க்க வேறு யாரும் மிச்சமில்லை.

மேடைக்குப் பின்னால் காவலுக்கு நின்றவர்கள் என்னைத் தள்ளினார்கள். தொண்டை கிழியக் கத்தினேன்: "உங்க பாட்டப் போட்டதுக்கு எந்தம்பியக் கொல்லப் பாத்துட்டாங்கண்ணா!"

அவர் திரும்பினார். ஜெனரேட்டர் இரைச்சலில் நின்றபடியே முழுதும் கேட்டார்.

"நான் மேடையில சொல்லிட்டு நாளைக்கு சென்னைக்குப் போயிடுவேன்மா. நீங்க அங்கதானே இருக்கணும்?"

"வாய மூடிட்டு இருந்துதானுங்கண்ணா இப்பிடி ஆச்சு. சொல்லுங்க."

பாட்டைப் பாதியில் நிறுத்திச் சொன்னார். "இதுக்குக் கை தட்டுறீங்க. இதைப் போட்டவன் ஆஸ்பத்திரியில கிடக்கிறான். கேஸ் எடுக்க மாட்டேங்கிறாங்க." சிலர் கை தட்டினார்கள். "பாட்டப் பாடுய்யா" என்று ஒரு குரல் வந்தது. மைக்கை அணைத்துவிட்டார்கள். அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார், அதற்குமேல் பாடவில்லை.

மறுநாள் கேமராக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு வார்டுக்குள் வந்தார். தம்பியின் வலது காதருகே குனிந்து என்னவோ சொன்னார். தம்பி குலுங்கி அழுதான். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அன்றே வழக்குப் பதிவானது. பிடிபட்டவர்கள் ஜாமீனில் வந்தபோது ஊரில் பட்டாசு வெடித்தார்கள். ஈரோட்டில் நடக்க இருந்த அவர் கச்சேரி ரத்தானது. மன்னிப்புக் கேட்டால் நடத்தலாம் என்றார்களாம், கேட்கவில்லை. வக்கீல் பிடித்துக் கொடுத்தார், ஒருமுறை வாய்தாவுக்குத் தானே வந்து நீதிமன்ற வாசலில் எங்களோடு நின்றார். அவரால் ஆனதை எல்லாம் செய்தார். அதற்குமேல் ஊர் இருந்தது.

காலனி ஆட்களை வாழைத்தோட்ட வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடையில் அம்மாவுக்குச் சாமான் கொடுப்பதில்லை. "உங்களாலதான" என்று எங்கள் சனமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வழக்கோ தள்ளிக்கொண்டே போகிறது.

சிங்காநல்லூரில் நானும் தம்பியும் வாடகைக்கு இருக்கிறோம். வாராவாரம் அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு அம்மாவிடம் போகிறேன். போன வாரம் யாரோ கல்லெறிந்து ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. அம்மா கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரும்மா," என்று கையைப் பிடித்தேன்.

"எங்க வர்றது கண்ணு? இதுதான நம்ம ஊடு," என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டு, கூரையில் வெயில் விழும் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.