முடிவு வருமுன் சமைத்த மான்கறி

நவம்பரில் மான்வேட்டை தொடங்கினால், பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் டாலெஃப்சன் வேலைக்கு விடுப்பு சொல்லிவிடுவாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அவள் ஊர்ப்பக்கம் அது வழக்கம்தான். கணவன் இறந்த பிறகும் அவள் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. குளிர்காலம் முழுக்க வீட்டில் மான்கறிதான்.

அந்த ஆண்டு விழுந்த ஆண்மான் நன்றாகக் கொழுத்திருந்தது. மான்களின் மூளையை அரித்துக் கொல்லும் மெலிவு நோய் பரவிய பகுதி என்பதால், தலையைச் சோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வரும்வரை கறியைத் தொடக்கூடாது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிறன்று மகள் கிர்ஸ்டன் வந்தாள். ஆறு மாத கர்ப்பம்.

"எதைத் தின்னாலும் குமட்டுதும்மா. நீ வெண்ணெயில வெங்காயம் போட்டு வதக்குவியே முதுகுக்கறி, அது இருந்தா சாப்பிடுவேன்."

மார்லிஸ் தயங்கினாள். கூட இருந்த கொழுந்தன் வெர்லின் சிரித்தான். "சின்னதுலேருந்து தின்னுட்டுதான் இருக்கேன் அண்ணி. என் மூளை கெட்டா போச்சு?"

"இருந்தாத்தானே சித்தப்பா கெடறதுக்கு" என்றாள் கிர்ஸ்டன்.

சிரிப்போடு சிரிப்பாக அடுப்பு பற்றிக்கொண்டது. மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்க்க மார்லிஸுக்கு வயிறு நிறைந்தது.

அடுத்த வாரம் வனவிலங்குத் துறையிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். "உங்க மானுக்கு நோய் இருக்குங்க. கறியைச் சாப்பிடாதீங்க."

"சாப்பிட்டாச்சுங்களே."

"மனுஷங்களுக்கு வந்ததா இதுவரை உறுதியாகலைங்க. வரவே வராதுன்னும் சொல்ல முடியலை."

"நல்லா வேக வெச்சேன்."

"இது சூட்டுக்குச் சாகாதுங்க."

மார்லிஸ் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன குளிர்காலத்தில் அவள் ஓட்டிய பேருந்துக்கு முன்னால் அந்த நோய் கண்ட மான் ஒன்று நின்றது. விலா எலும்பு தெரிய, எச்சில் வழிய, ஹாரன் அடித்தும் நகராமல் வெறித்தது. அந்தக் கண்களோடு ஒரு குழந்தை பிறப்பதாக நினைப்பு ஓடியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மிச்சக் கறி இருக்கிறதா என்று மகள் போனில் கேட்டபோதுதான், இனி தாங்காது என்று அவள் வீட்டுக்கு வண்டியை எடுத்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கிர்ஸ்டன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "தெரிஞ்சேவா குடுத்தே?"

"முடிவு வரலைன்னு தெரியும்."

"கிளம்பும்மா. இப்போ என்னால உன்னைப் பார்க்க முடியாது."

சாப்பிட்டவர்களைச் சோதிக்க வழியில்லை, வந்தாலும் கை நடுக்கம், தடுமாற்றம் என்று வருடங்கள் கழித்துத்தான் தெரியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெர்லின் சிரிப்பில்லாமல் வந்தான். "நானும் ரெண்டு துண்டு தின்னேன், அண்ணி" என்று மட்டும் சொன்னான். இருவரும் உறைபெட்டியைக் காலி செய்து, கறியை இரட்டைப் பையில் கட்டி, நகராட்சிக் குப்பைக் கிடங்கில் சேர்த்தார்கள்.

மார்ச்சில் பெண் குழந்தை, குறையில்லாமல் பிறந்தது. கிர்ஸ்டனே கூப்பிட்டு அதைத் தாயின் மடியில் வைத்தாள். கோபம் அடங்கியிருந்தது, பயம் அடங்கவில்லை. ஒருநாள் பால்புட்டி கிர்ஸ்டனின் கையிலிருந்து நழுவி விழுந்தது. மார்லிஸின் பார்வை புட்டிக்குப் போகாமல் மகளின் விரல்களுக்குப் போனது.

"அப்படிப் பார்க்காதேம்மா."

"பார்க்கலையே."

"பார்க்கறே. நானும்தான் பார்த்துக்கறேன், தினம்."