கடைசி வரிசை விளக்கு

வகுப்பறைக்குள் நுழைந்ததும் அவர் நேராகச் சுவிட்சுப் பலகைக்குத்தான் போவார். மூன்று வரிசை மேசைகள், வரிசைக்கொரு குழல் விளக்கு. கடைசி வரிசைக்கு மேலே இருப்பதை மட்டும் அணைத்துவிட்டுத் திரும்பி, “நைட் டூட்டி முடிச்சு வந்தவங்க எல்லாம் பின்னாடி போங்கம்மா. தூங்கறதுன்னா தூங்குங்க. குறட்டை மட்டும் வேணாம், எனக்கும் தொத்திக்கும்” என்பார். நாலைந்து பேர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்னால் போவார்கள். போன வேகத்தில் ஒரு தலை மேசையில் சாயும்.

காலை எட்டு மணிக்கு இரவுப் பணி முடிகிறது, எட்டரைக்கு வகுப்பு. அந்த அரைமணி நேரத்தில் சீருடை மாற்றி, வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பியதா என்று கேட்டு, ஒரு டீயை வாயைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அவர்களை எழுப்ப அவருக்கு மனம் வராது. ஆனால் பாடம் நடத்தும்போது கண் அடிக்கடி அந்த இருட்டுப் பக்கம் போய்வரும். இப்போது தூங்குகிறவளுக்கு எந்த வரி தவறுகிறது, அந்த வரி நாளைக்கு எந்தக் கட்டிலருகே தேவைப்படும் என்ற கவலை. வகுப்பு முடிந்தாலும் அது முடியாது. வீடு வரைக்கும் கூடவே வரும்.

இருபத்திரண்டு வருஷம் வார்டில் நின்றவர். முழங்கால் இரண்டும் கைவிட்ட பிறகு, மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அறைக்கு இறங்கி வந்தார். காகிதத்தில் இதற்குப் பராமரிப்பு ஒருங்கிணைப்புப் பயிற்சி என்று பெயர். செவிலியர்கள் ‘வீட்டு வார்டு’ என்பார்கள். முதல் நாள் அவர் சொல்லும் வாக்கியத்திலிருந்து வந்த பெயர் அது: “டிஸ்சார்ஜ் ஆன நோயாளி நம்ம வார்டை விட்டுப் போகல. அவர் கட்டில் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்.” வீட்டுக்குப் போகிறவர் கையில் ஓர் எடை மெஷினோ ரத்த அழுத்தக் கருவியோ கொடுத்தனுப்புவார்கள். அது காட்டும் எண் செவிலியரின் டேப்லெட்டுக்கு வந்துசேரும். அதைப் பார்த்து மருத்துவரை, மருந்துக் கடையை, மகளை, மருமகனை எல்லாம் ஒரு நூலில் கட்டி இழுக்க வேண்டும். அதைத்தான் அவர் சொல்லித் தருகிறார்.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘திருப்பிச் சொல்லு அக்கா’. நோயாளியிடம் எதைச் சொன்னாலும் அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்பது பாடத்தின் நான்காவது பக்கம். அந்தப் பக்கம் அவர் ரத்தத்தில் கலந்துவிட்டது. குழாய் ரிப்பேர் செய்ய வந்தவரையும், தையல்காரரையும், பேருந்தில் வழி கேட்டவரையும் விடமாட்டார். “எங்க, நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்.” லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், கடைக்குக் கிளம்பும்போது, அவர் கேட்பதற்கு முன்பே வாசலில் நின்று பட்டியலை ஒப்பித்துவிடுவார். கல்லூரிக்குப் போகும் மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்: “எங்கப்பா கல்யாணத்துக்குச் சரின்னு ஒரு தடவை சொல்லிட்டு விட்டிருக்க மாட்டாரு. எங்கம்மா எப்படியும் மூணு தடவை சொல்ல வெச்சிருப்பாங்க.”

ஆளுக்கொரு டேப்லெட். வகுப்பிலும் அதுதான், வார்டிலும் அதுதான். அதற்குள் இரண்டு பக்கங்கள்: ஒன்று நிஜ நோயாளிகளுக்கு, இன்னொன்று பயிற்சிக்கு. இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி இருக்கும். பயிற்சிப் பக்கத்தின் உச்சியில் மட்டும் நகக்கண் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. வகுப்பு முடிந்ததும் மறக்காமல் மாற்றிக்கொண்டு போக வேண்டும். எண் எல்லை மீறினால் நிஜப் பக்கத்தில் அடிக்கும் அபாய மணியும் பயிற்சிப் பக்கத்தில் அடிக்காது. பதினைந்து டேப்லெட்டும் ஒரே நேரத்தில் அலறிக் காது போகிறது என்று போன வருஷம் அவரே கடிதம் எழுதிக் கொடுத்து அணைக்கச் சொன்னது.

பயிற்சி நோயாளிகளை அவரும் மாணவிகளுமாகக் கற்பனையில் பெற்றெடுப்பார்கள். சர்க்கரை நோயுள்ள ரொட்டிக் கடைக்காரர், மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும் கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஒரே பொத்தானில் எல்லாரையும் அழித்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு இடத்தைக் காலிசெய்ய வேண்டும். அழிப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் மேலிருந்து கீழ்வரை படிப்பார். கணினிப் பிரிவுக்காரருக்கு இது வேடிக்கை. “என்னக்கா, இல்லாத ஆளுங்களுக்கு இவ்வளவு நேரம் பிரிவு உபசாரமா?” என்பார். “போற ஆளை மூஞ்சியைப் பார்க்காம அனுப்பிப் பழக்கமில்ல” என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிப்பைத் தொடர்வார்.

அந்த வெள்ளிக்கிழமை இருபத்துமூன்று பேர் இருந்தார்கள். இருபத்திரண்டாவது ஆளிடம் வந்ததும் அவர் விரல் நின்றது. வயது அறுபத்தெட்டு, இதயச் செயலிழப்பு, உடம்பில் நீர் கோத்தால் எடை ஏறும் என்பதால் எடை மெஷின் கொடுக்கப்பட்டது. அதுவரை எல்லாம் பாடப்புத்தகம் மாதிரிதான். ஆனால் எடை 71.2, 72.1, 73.0, 73.9 என்று ஏறியிருந்தது. வகுப்பில் யாரும் புள்ளிக்கு அப்புறம் எண் போடமாட்டார்கள்; எழுபது, எழுபத்தைந்து என்று வாய்க்கு வந்ததைத் தட்டுவார்கள். கீழே ஒரு குறிப்பு: ‘மூன்றாம் மாடி. அழைப்பு மணி கேட்காது, செல்லில் கூப்பிடவும். மகள் மாலை ஆறுக்கு மேல்தான் வருவார்.’ பொய்யான ஆளுக்கு யாராவது பழுதான அழைப்பு மணி மாட்டுவார்களா? நேரத்தைப் பார்த்தார். முதல் எண் செவ்வாய் பகல்; பிறகு புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் காலை ஐந்து ஐம்பது. அந்த நேரத்தில் இந்த அறை பூட்டிக் கிடக்கும்.

முழங்கால் வலி அப்போது நினைவிலேயே இல்லை. எழுந்து நின்றுகொண்டுதான் எண்ணை அழுத்தினார்.

“ஐயா, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். எப்படி இருக்கீங்க?”

“சொல்லுங்கம்மா.” பழைய பஸ் டிரைவர் அவர். குரல் பாதி மூச்சும் பாதி சொல்லுமாக வந்தது. “தினம் எழுந்ததும் ஏறி நிக்கறேன்மா. ஒரு நாள் தவறல.”

“கால் வீங்கியிருக்கா?”

“செருப்புக்குள்ள போகல. படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு நாளா நாற்காலியிலதான் தூக்கம்.”

“ஏன்யா ஒரு போன் பண்ணல?”

“நீங்கதான் பார்த்துக்கிட்டிருக்கீங்களே! ஏறி இறங்கினா பச்சை விளக்கு எரியுது. பச்சை எரிஞ்சா அங்க பார்த்துட்டாங்கன்னு அர்த்தம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. பார்த்தவங்களே பேசாம இருக்காங்க, நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.”

யாரும் பார்க்கவில்லை. மூன்று நாள் காலையிலும் அந்த மனிதர் ஏறி நின்றது, அடிக்காத மணிக்கும் ஆளில்லாத பக்கத்துக்கும்தான். பிறகு பழைய வார்டுக் குரல் திரும்பியது. “ஐயா, வண்டி அனுப்பறேன். கதவைத் திறந்து வெச்சுட்டு, நாற்காலியிலேயே உக்காந்திருங்க. படுக்கக் கூடாது. இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

“கதவைத் திறக்கணும், உக்காரணும், படுக்கக் கூடாது.” அங்கே ஒரு மூச்சு வாங்கியது. “பஸ்ல கண்டக்டர் சொல்றதைக்கூட நான் இப்படித் திருப்பிச் சொன்னதில்லம்மா.”

ஆம்புலன்ஸ், இதயப் பிரிவு, மகளின் அலுவலகம் என்று அடுத்த பத்து நிமிடத்தில் மூன்று போன். ஒன்றரை மணிக்கு அந்த ஆள் கட்டிலில் இருந்தார். மருத்துவர் சொன்னது ஒரே வரி: “நாளைக்கு வந்திருந்தா எங்களுக்கு வேலை இருந்திருக்காது.”

அவரைப் பயிற்சிப் பக்கத்தில் சேர்த்தவர் யார் என்று பார்க்க அதிக நேரமாகவில்லை. ஆறாம் வார்டுப் பெண். ஐந்து வருஷ அனுபவம், வீட்டில் இரண்டு வயதில் ஒன்று, கைக்குழந்தை ஒன்று. கடைசி வரிசையின் ஆழ்ந்த உறக்கம் அவளுடையதுதான். திங்கட்கிழமை வகுப்பில் பயிற்சிப் பக்கத்தைத் திறந்தவள், அதை மாற்றாமலே வீட்டுக்குப் போயிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பகல் பணிக்கு வந்து, டிரைவரை வீட்டுக்கு அனுப்பும்போது, எடை மெஷினை அந்தப் பக்கத்திலேயே இணைத்திருக்கிறாள். அழைப்பு மணி பழுது என்பது வரை கேட்டு எழுதியிருக்கிறாள். தலைக்கு மேலிருந்த மஞ்சள் கோடு மட்டும் கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலமே அடித்தளத்துக்கு வந்து கதவோரம் நின்றாள். அழுது முடித்த முகம்.

“அந்த மஞ்சக் கோடு விஷயம் எப்பக்கா சொன்னீங்க?”

“திங்கக்கெழம. ஒம்பது மணி இருக்கும்.”

“என்னை எழுப்பியிருக்கலாமேக்கா.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவரால் சமாளித்திருக்க முடியும். “ஆமாம்மா, எழுப்பியிருக்கணும்” என்றார். “வீட்டுக்குப் போ. போய்த் தூங்கு.” திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

சம்பவ அறிக்கைப் படிவத்தில் ‘பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பெயர் எழுதும் அளவுக்குத்தான் இடம். அவர் அதை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் எழுதினார். மணியை அணைக்கச் சொல்லித் தான் எழுதிய கடிதத்தின் தேதி. மஞ்சள் கோட்டை அகலமாக்கச் சொல்லிக் கணினிப் பிரிவுக்கு மூன்று முறை கேட்டும் நடக்காதது. இரவுப் பணிக்கும் வகுப்புக்கும் நடுவே அரைமணி நேரம் மட்டுமே இருப்பது. தூங்கட்டும் என்று தான் விளக்கை அணைத்தது. செவிலியர் கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்ன, உன்னை நீயே மாட்டி விட்டுக்கறியா? விளக்கு சமாச்சாரத்தை யார் கேட்டா?”

“யாரும் கேக்கலம்மா. நடந்தது அது.”

“அந்தப் பொண்ணுக்கு எச்சரிக்கைக் கடிதம், உனக்கும் ஒண்ணு. வகுப்பு நேரம் மாறாது, ஆள் இல்ல. மணி திரும்ப அடிக்கும். அப்புறம், இனிமே கடைசி வரிசைல லைட் எரியணும். எழுத்துல தர்றேன்.”

எழுத்தில் வந்தது. ‘கடைசி வரிசை விளக்கு வகுப்பு நேரம் முழுவதும் எரிய வேண்டும்’ என்று முத்திரையோடு சுவிட்சுப் பலகைக்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். மகள் அன்றிரவு, “அம்மா, இனி நீ எதைத்தான் அணைப்பே?” என்று சீண்டினாள். அவர் சிரிக்கவில்லை. கணவர் மட்டும் வெந்நீர்ப் பையை எடுத்துவந்து முழங்காலில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் வகுப்பு இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை மூன்று விளக்கும் எரிந்தன. கடைசி வரிசையில் யாரும் உட்காரவில்லை. ஆறாம் வார்டுப் பெண் முதல் வரிசையில், அவர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்த வாரம் மறுபடியும் இரவுப் பணி. அவளுக்கு இருபுறமும் இருந்தவர்களும் இரவு விழித்தவர்கள்தான். கண்ணைத் திறந்து வைத்திருக்கவே அவர்கள் பாடுபட்டார்கள்.

அவர் வேறு எதையும் தொடவில்லை. முதலில் மஞ்சள் கோடு. டேப்லெட்டை உயர்த்திக் காட்டி, மாற்றிக் காட்டி, மறுபடி மாற்றி, ஒவ்வொருவரையும் எழுந்து நின்று செய்ய வைத்தார். மணி அலறியது, எல்லாரும் காதைப் பொத்தினார்கள், அவர் பொத்தவில்லை. கடைசியாக அவளிடம் வந்தார். “சொல்லு.”

“மேல கோடு இருந்தா அது பொய்ப் பக்கம். யாரையும் சேர்க்கறதுக்கு முன்னாடி மேல பார்க்கணும். வகுப்பு முடிஞ்சதும் மாத்தணும்.”

“இன்னொரு தடவை.”

சொன்னாள். குரல் பாதியில் தேய்ந்தது. இமை தானாக இறங்கி, திடுக்கிட்டு ஏறியது.

“டிரைவர் ஐயா நேத்து வீட்டுக்குப் போயிட்டார்” என்றார் அவர். “இன்னிக்குக் காலைல அஞ்சு அம்பதுக்கு ஏறி நின்னார். எழுபது புள்ளி எட்டு. நான் பார்த்தேன்.”

பிறகு சுவிட்சுப் பலகைக்கு நடந்தார். முத்திரை போட்ட காகிதத்தை ஒரு முறை படித்தார். கடைசி வரிசை விளக்கை எரியவிட்டு, முதல் வரிசை விளக்கை அணைத்துவிட்டு, அந்த இருட்டிலேயே வந்து நின்று, குரலைத் தாழ்த்திப் பாடத்தின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கினார்.