களி வண்டிக்குப் பின்னால் ஒரு சுவர்

சுவருக்குச் சொந்தக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் அதில் படம் வரையச் சாரத்தில் ஏறி நின்றுவிட்டால், தெருவில் போகிற அத்தனை பேரும் மேஸ்திரிகள். முதுகுக்குப் பின்னால் நாலு பேர் வேடிக்கை பார்க்க வேலை செய்கிற பரோட்டா மாஸ்டர், பஞ்சர் கடைக்காரர், ரோட்டில் குழி தோண்டுகிறவர் எல்லோரும் என் கட்சி. அவர்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

நான் யாரிடமும் ஓவியம் கற்றவன் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியின் பெயின்ட் பிரிவில் எப்போதும் நைட் ஷிப்ட். அங்கே பெயின்ட் அடிப்பது மெஷின். அது விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது நான். காலையில் போய்ப் படுத்தால் தூக்கம் வராது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பாதி ஆயுளை இங்கே கழித்த பிறகும், பகலில் இந்த ஊருக்குள் நடந்தால் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்துவிட்ட மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் சும்மா நிற்கக் கூச்சப்படுகிறவன் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போவான் அல்லவா, அப்படித்தான் நான் சுவர்ப் பக்கம் போனேன்.

சந்தை மாடு

முதலில் கிடைத்தது குந்தாரப்பள்ளிச் சந்தையை ஒட்டிய ஒரு சுவர். பெரிய மாடு ஒன்றை வரைந்தேன். முதுகு வெறுமையாகத் தெரிந்தது. அழகுக்காக பிரஷ்ஷைச் சுழற்றி அங்கங்கே வளையம் போட்டுவிட்டேன். எனக்கே ரொம்பப் பிடித்துப் போயிற்று. சந்தை நாளில் போய்ப் பார்த்தால் எள் விழ இடமில்லை. என் சுவருக்கு முன்னால் மட்டும் வெட்டவெளி. ஒருவரும் அங்கே மாட்டைக் கட்டவில்லை.

மாடு பிடிக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழியைத்தான். தோலில் முடி வளைந்து சுற்றிக்கொண்டிருக்குமே, அதுதான் சுழி. முதுகில் சில இடங்களில் சுழி இருந்தால் அந்த மாடு குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நான் போட்ட வளையங்களில் ஆகாத சுழி அத்தனையும் ஒன்று பாக்கியில்லாமல் வந்திருந்தது. "இது வெறும் படம்தானேங்க" என்றேன். தலையில் துண்டு கட்டிய தரகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படம்னு எனக்குத் தெரியுதுப்பா. என் மாட்டுக்குத் தெரியுமா?"

சுவரில் ரத்னம்மா

சுழிகளை அழித்த பிறகு, என் மாட்டின் காலடியில் இடம் பிடிக்கச் சண்டையே வந்ததாம். அந்தப் படம் போனுக்குப் போன் பறந்து, பாகலூர் ரோட்டில் ஒரு கம்பெனியின் மேனேஜர் வரை போய்விட்டது. அவர் கூப்பிட்டார். நல்ல பையன், சுறுசுறுப்பு. "ஓசூர்னா எல்லாரும் கலந்து வாழற ஊரு சார். அதை நம்ம காம்பவுண்டு சுவத்துல கொண்டாந்துடுங்க. எம்.டி. வந்து திறந்து வைப்பாரு. அதுக்குள்ள இந்த வண்டியை மட்டும் எடுத்துடலாம், சுவர் முழுசாத் தெரியணும்" என்றார்.

வண்டி, அந்தச் சுவரை ஒட்டி நிற்கிற ரத்னம்மாவின் களி வண்டி. வீட்டில் தெலுங்கு, மாவு கொடுக்கிறவரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், திட்டுவதற்கு மூன்றும். எல்லாக் கம்பெனி ஷிப்ட் பஸ்ஸும் நிற்பது அந்த இடத்தில்தான். வண்டி கொஞ்சம் தள்ளிப் போனால்கூட, இறங்குகிறவன் தூக்கக் கலக்கத்தில் வீட்டைப் பார்த்துப் போய்விடுவான். அந்த வண்டிதான் அவர் வீட்டு அடுப்பையும் எரிக்கிறது. நானே தினமும் அங்கே ஒரு உருண்டை களியும் கீரையும் வாங்கித் தின்கிறவன். ஊரே சேர்ந்து வாழ்வதை வரைய, ஊரே சேர்ந்து நிற்கிற ஒரே இடத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தயங்கித் தயங்கி மேனேஜரிடம் சொன்னேன். அவர், "அப்ப அவங்களையே சுவத்துல பெருசா வரைஞ்சிடுங்க. கௌரவமா இருக்கும். வண்டிதான் வேணாம்" என்றார். அதைப் போய்ச் சொன்னபோது ரத்னம்மா களி கிண்டுகிற கையை நிறுத்தவில்லை.

"சுவத்துல இருக்கற ரத்னம்மா எம் பிள்ளைங்களுக்குச் சோறு போடுவாளாண்ணா?"

மூன்று வீட்டு மூஞ்சி

ரத்னம்மா சொன்னதைக் கேட்ட பிறகு, அவரை வரைய எனக்குக் கை வரவில்லை. வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களை மட்டும் வரைய ஆரம்பித்தேன். முதலில் ஒரு பெரியவர்: மீசை, மூக்கு, தலையில் சுற்றிய துண்டு. யாரையும் மனதில் வைத்து வரையவில்லை. ஆனால் மறுநாள் காலையில் சாரத்துக்குக் கீழே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. மதுரைப் பக்கத்து ஆபரேட்டர் தம்பி, "எங்கப்பாவை எப்பண்ணே பார்த்தீங்க?" என்று கேட்டான். கன்னடக்கார செக்யூரிட்டி, இது அத்திப்பள்ளியில் இருக்கும் தன் மாமாதான் என்று போனில் இருந்த படத்தையே காட்டினார். பால்காரர் நாராயணப்பா, "எங்க பெத்தநாயனா, பெரியப்பா, செத்து ரொம்ப நாளாச்சு, கரெக்டாப் போட்டிருக்கியே சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

சத்தம் ஏறியது. நான் சாரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எல்லோருக்கும் அந்த மூஞ்சியில் ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிட்டார், வரைந்த எனக்குத்தான் ஒருவரும் இல்லை. அதை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்படலாம் என்று பார்த்தால், அதற்குள் நாராயணப்பா வழக்கைத் தீர்த்து வைத்துவிட்டார்.

"மீசை உங்கப்பாது, மூக்கு அவரு மாமாது. சரி, எடுத்துக்கங்க. துண்டை மட்டும் எங்க பெத்தநாயனாவுக்கு உட்டுடுங்க."

ஆவி

வரிசை வளர்ந்தது. வண்டியின் இரண்டு பக்கமும் ஆட்கள். கம்பெனியின் நீலச் சட்டை போட்டவர்கள், ரோஜாத் தோட்டத்துப் பெண்கள், பால்காரர், செக்யூரிட்டி. எல்லோரும் வண்டியைப் பார்த்துத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். களிப் பானைக்கு நேர் மேலே, சுவரில் வெள்ளை வெள்ளையாய் ஆவி எழும்பிப் போகிறது. வண்டிக்குப் பின்னால் இருந்த இடத்தில் ஒன்றும் வரையவில்லை, வெறும் பிரைமர். வண்டி நின்றால்தான் படம் முழுசாகும். மேனேஜர் ஒரு பூந்தொட்டி வரையச் சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிட்டால் என் யோசனை அத்தோடு முடிந்தது. அந்தப் பயம் எனக்கு இருந்தது.

ரத்னம்மா தள்ளி நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "என்னண்ணா, ஒருத்தர் தட்டுலயும் ஒண்ணுமில்ல?" என்றார். "போடுறது நீங்கதானே" என்றேன். அவருக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. வண்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேனேஜர் சார் கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுடுவேன், சொல்லிட்டேன்!"

பூந்தொட்டிக்கு முன்னால்

திறப்பு அன்று காலை, சொன்னபடி வண்டியை ஆள் வைத்துத் தள்ளி மூலைக்குக் கொண்டுபோனார்கள். ரத்னம்மா பானையின் மூடியைப் பிடித்துக்கொண்டே கூடப் போனார். மேனேஜர் ரோட்டைத் தாண்டி நின்று சுவரை முழுசாகப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. நடுவில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததிலிருந்து ஆவி வருகிறது, இரண்டு பக்கமும் அவர் கம்பெனிச் சட்டை போட்டவர்கள் காலித் தட்டை நீட்டிக்கொண்டு மெயின் ரோடே பார்க்க நிற்கிறார்கள்.

நான் பயந்தது போலவே, "நடுவுல ஒரு பூந்தொட்டி போட்டுடலாமா சார்?" என்றார். ஷிப்ட் முடிந்து நின்றவர்களில் மதுரைத் தம்பி, "பூந்தொட்டிகிட்ட எதுக்கு சார் தட்டை நீட்டணும்? கேன்டீன்ல சோறு போடலன்னுல்ல ஊரு பேசும்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரைத் தவிர. எம்.டி. கார் பாகலூர் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. மேனேஜர் சுவரிலிருந்த நீலச் சட்டைகளை ஒருமுறை பார்த்தார், மூலையிலிருந்த வண்டியைப் பார்த்தார், பிறகு செக்யூரிட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், வண்டியைச் சீக்கிரம் கொண்டாரச் சொல்லுய்யா, எல்லாரும் பசியோட நிக்கறாங்க!"

வெளியே நிற்கிறவன்

எம்.டி. வந்தார், வண்டியோடு சேர்த்துச் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டார், ஒரு உருண்டை களியும் தின்றார். அதற்குப் பிறகு வண்டியை எடு என்று யாரும் சொல்லவில்லை. மழைக்காக வண்டிக்கு மேலே ஒரு ஷீட்கூடப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ரத்னம்மா வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "ஊரையே போட்டீங்க, உங்களைக் காணோமே?" என்றார். "நான் இந்த ஊர் இல்லையே" என்றேன். அவர் என் தட்டை வாங்கி, களியை வைத்து, நடுவில் குழி செய்து கீரையை ஊற்றினார்.

"சுவத்துல நின்னா தட்டை நீட்டத்தான் முடியும், தின்ன முடியாது. நீங்க வெளியவே நில்லுங்கண்ணா."

இந்த ஊரில் எனக்கு எந்த இடம் என்று இன்னும் தெரியாவிட்டாலும், தினமும் காலையில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது; என்ன, எனக்கு முன்னால் சுவரில் நிற்கிறவர்கள் நகர்வதே இல்லை.