ஏசித் தண்ணீரில் அலசிய கண்ணாடி

மார்கழிக் காலையில் மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக்கு வண்டியில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஹெல்மெட் கண்ணாடியை மூடினால் மூச்சுக்காற்று படிந்து ரோடு தெரியாது. திறந்தால் பனி கண்ணில் குத்தும். நான்கு வருடம் இப்படி வந்த பிறகுதான் முனைவர் பட்டத்துக்கு, ஆவி படியாத கண்ணாடிப் பூச்சு என்று தலைப்பு எடுத்தேன். நாட்டுக்கு உதவ வேண்டும் என்றெல்லாம் இல்லை. எரிச்சலில் எடுத்த தலைப்பு.

வேலை இதுதான். ஒரு கண்ணாடித் துண்டை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் கரைசலில் முக்க வேண்டும். அதற்கு நேர் மின்னேற்றம், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த தண்ணீரில் அலச வேண்டும். அடுத்து எதிர் மின்னேற்றம் உள்ள சிலிக்காத் துகள் கரைசலில் முக்க வேண்டும். ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மறுபடி அலசல். இப்படிப் பத்து முறை அடுக்கடுக்காக ஏற்றினால், கண்ணாடியில் நீர் துளித்துளியாக நிற்காது, ஒரே ஏடாகப் பரவிவிடும். ஆவி பட்டாலும் கண்ணாடி மங்காது. அலசலோடு சேர்த்து ஒரு துண்டுக்கு நாற்பது முக்கல், அரை நாள். நடுவில் யாராவது வந்து "சாப்ட்டாச்சா?" என்றால் எண்ணிக்கை போய்விடும். கேட்டவர் அன்று நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் வந்தது. பங்குனியில் திடீரென்று எல்லாத் துண்டும் வெள்ளை பூத்துப் போயின, மோர் குடித்துவிட்டுக் கழுவாத டம்ளர் மாதிரி. மூன்று வாரம் இதே கதை. என் வழிகாட்டிப் பேராசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கெழம கமிட்டி வருதும்மா. தெளிவா ஒரே ஒரு கண்ணாடி காட்டு. இல்லன்னா தலைப்ப மாத்திக்கலாம்." மாற்றினால் என் இரண்டு வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

சிலிக்கா விற்றவரோடு போனில் சண்டை போட்டேன். தூசி கிளப்புகிறார்கள் என்று பக்கத்து இயற்பியல் ஆய்வகத்தோடு சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வெறுத்துப் போய், எதிலும் முக்காத வெறும் கண்ணாடி ஒன்றைக் கேன் தண்ணீரில் அலசி ஜன்னலில் வைத்தேன். காய்ந்ததும் அதிலும் வெள்ளை வட்டம். எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் படிகிற அதே உப்பு. நான் அலசியது காய்ச்சி வடித்த தண்ணீராக இருந்தால் உப்பு எங்கிருந்து வரும்?

ஆய்வகத்தைப் பெருக்கி, பாத்திரம் கழுவித் தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரைப் பிடித்தேன்.

"இந்தக் கேன்ல யாருக்கா தண்ணி ஊத்துனது?"

"நான்தான்."

"எங்க புடிச்சீங்க?"

"போர் கொழாயில. பின்ன, ஒகேனக்கல்லுக்கா போயிட்டு வருவேன்?"

"எதுக்குக்கா?"

"வடிக்கிற மெஷினு ஒரு நாளைக்கு அரைக் கேனுதான் வடிச்சுது. கேனு பாதியா இருந்தா நீங்க கத்துறீங்க. அன்னைக்கு கேட் வரைக்கும் கேட்டுச்சுங்க. அதான் ரொப்பி வெச்சேன். மூணு வாரமா என்னைய ஒரு வார்த்த சொல்லல, நல்லாத்தான இருந்துச்சு?"

போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு பட்டால் சிலிக்கா அடுக்காக உட்காராது, கட்டி கட்டியாகத் திரளும். இதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அந்த இயந்திரத்தையாவது ஓட்டலாம் என்று திறந்தால், உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் முழுக்க உப்பேறிக் கருகிக் கிடந்தது.

"பிரின்சிபால் ரூம் ஏசில தண்ணி சும்மா ஒழுவுதுங்க. காலேஜ் பஸ் டிரைவருங்க பேட்டரிக்கு அதத்தான் புடிச்சிட்டுப் போறாங்க. ஆவாதா?" என்றார் அக்கா.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் காய வைத்தேன். வட்டமே இல்லை. ஏசிக் குழாய்க்கடியில் கேனை வைத்தோம். ஆனால் முதல்வர் எழுந்து போனால் ஏசியும் நின்றுவிடும். அக்கா நேராக உள்ளே போய்விட்டார்.

"சார், ரெண்டு நாளைக்கு எங்கியும் போவாதீங்க. கூலிங்க கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிக்கிட்டு உக்காருங்க. லேபுக்குத் தண்ணி வேணும்."

"நான் என்ன மோட்டாராம்மா?" என்று முதல்வர் கேட்டது வெளியே எனக்குக் கேட்டது. ஆனாலும் உட்கார்ந்தார். சித்திரை வெயிலில் அவருக்கு வேறு வேலையும் இல்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் இரண்டு டம்ளர் சூடான டீ வைத்தேன். ஒன்றின்மேல் வெறும் கண்ணாடி, ஒன்றின்மேல் என் கண்ணாடி. வெறும் கண்ணாடி நொடியில் வெளுத்தது. என்னுடையதன் வழியே டீயின் நுரைக்குமிழ்கூடத் தெரிந்தது. ஒருவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"இதுக்குப் போட்டுத் தர முடியுமாம்மா?"

"நாப்பது தடவ முக்கணும் சார். அரை நாள் கண்ணு தெரியாம உக்காந்திருப்பீங்களா?"

என் பேராசிரியர் இருமினார். கேட்டவர் சிரித்துவிட்டார். தலைப்பு தப்பியது.

டம்ளர் எடுக்க வந்த அக்கா கதவோரம் என்னை நிறுத்தினார்.

"கேனு பாதிதான் இருக்குது மேடம். கத்துவீங்களா?"

"கத்த மாட்டேன்க்கா."

"இதயும் கத்தித்தான் சொல்றீங்க," என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.