யார் யாரை விடவில்லை?

பஞ்சிங் மெஷினை மேசை நடுவில் வைத்தாயிற்று. அதற்கு எதிரே பசை பாட்டில். இரண்டுக்கும் இடையில் ரப்பர் ஸ்டாம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் சுகிர்தாவுக்குப் பிடிபடவில்லை.

"பொறுங்க அண்ணாச்சி. கேட்டது யாரு? யாரைக் கேட்டது? குடுக்க வேண்டியது யாரு?"

எதிரே இருந்த பனவடலிசத்திரத்து விவசாயி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல நான் எது தாயி?"

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று நாற்காலிகளோடு இருக்கிறது சுகிர்தாவின் கடை. பட்டா, ஆதார் திருத்தம், வருமானச் சான்றிதழ் எல்லாம் அங்கே நடக்கும். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஆங்கிலக் கடிதம். தமிழ் வழியில் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். தட்டும் ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். அதனால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு அடுத்தவர் வழக்கெல்லாம் மனப்பாடம்.

"போனே மொழிபெயர்த்துக் குடுக்குமே, உங்கிட்ட எதுக்கு வரணும்?" என்று யாராவது வம்புக்கு இழுத்தால் பதில் தயார்: "போனுக்கு உங்க வீட்டுல யாரு யாருன்னு தெரியாதுல்லா."

அவளுடைய குழப்பம் எளியது, தீராதது. "சொல்லச் சொல்லி அனுப்பு" என்று நாம் மூன்று வினையை ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று மாட்டிவிடுவோம். யார், யாரிடம், யாரை என்று ஒருவரும் கேட்பதில்லை, காதில் வாங்குகிறவனுக்கே தெரியும். "இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். ரெண்டு பெட்டிக்கு நடுவுல ஒரு ஆளை நிறுத்தி வச்சாத்தான் வண்டியை எடுப்பான்" என்பாள். அந்த ஆள் இடம் மாறி நின்றால் என்ன ஆகும் என்பது அவளுக்கு அனுபவம்.

குருவிகுளம் பக்கத்து ராமசுப்பு ஆறு ஆடுகளை நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு இன்சூரன்ஸுக்கு எழுத வந்தார். "ஆறையும் சாகக் குடுத்துட்டேன் தாயி" என்று அழுதார். சுகிர்தாவும் கண் கலங்கி, அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள். 'ஆடுகளைத் தாங்களே சாகவிட்டதாக எழுதியிருப்பதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. திருத்தி எழுதிப் பணம் வர எட்டு மாதம் ஆயிற்று. ராமசுப்பு இப்போதும் கடையைத் தாண்டும்போது எட்டிப் பார்ப்பார். "என்ன தாயி, இன்னைக்கு எத்தனை ஆட்டைக் கொன்னே?"

அந்தப் பதில் வந்த அன்றைக்குத்தான் மேசைச் சாமான்கள் மனிதர்களாயின. பஞ்சிங் மெஷின் எப்போதும் பெரிய இடம்: கம்பெனி, வங்கி, கலெக்டர். மற்றவை அன்றன்றைக்கு யாரோ அவர்.

போன வியாழக்கிழமை மத்தியானம், வரிசை கலைந்த நேரத்தில், ஜஸீமா வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அங்கனயே எழுத ஆள் இருக்கே மக்கா?" என்றாள் சுகிர்தா.

"அங்கன எழுதினா அசர் தொழுகைக்குள்ள ஊரு பூராத் தெரிஞ்சிரும்க்கா."

புருஷனுக்குச் சவுதியில், தம்மாமில் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை. போய் மூன்று வருஷம் ஆகிறது, ஒருமுறைகூட வரவில்லை. போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது செல்போனைக் காட்டி அதைத்தான் 'வாப்பா' என்கிறது. கம்பெனிக்காரன் லீவு கொடுக்க மாட்டேன் என்கிறானாம். இவரை ஊருக்கு விடுங்கள் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் போக வேண்டும்.

"யாரு விடமாட்டேங்காக?"

"அவுக விடமாட்டேங்காகன்னு அவுக சொன்னதா அவுக சொன்னாக."

சுகிர்தா பெருமூச்சு விட்டாள். ஜஸீமா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். மாமியாரை மரியாதையில்லாமல் சொல்ல மாட்டாள். முகம் பார்க்காத முதலாளிக்கும் அதே மரியாதை. மூன்று பேருக்கும் ஒரே 'அவுக'. மேசைக்கு வேலை வந்தது. பஞ்சிங் மெஷின் கம்பெனி. பசை பாட்டில் மாமியார். ஸ்டாம்பு புருஷன்.

"இப்ப தொட்டுத் தொட்டுச் சொல்லு. விடாதது?"

ஜஸீமா பஞ்சிங் மெஷினைத் தொட்டாள். "இவுக."

"உங்கிட்டச் சொன்னது?"

பசை பாட்டில். "மாமி."

"மாமிக்குச் சொன்னது?"

ஸ்டாம்பைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினாள். "சும்மா சொல்லலக்கா, கம்பெனி பேப்பரே அனுப்பியிருக்காக. மாமி போன்ல இருந்து நான் எடுத்துக்கிட்டேன். அதுல அவுக வேலை நம்பரும் இருக்கும், கடிதத்துல போடணும்லா?"

"என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"இங்கிலீஷ்ல முத்திரை வச்சு வந்திருக்கு. பெறவு என்ன பாக்க?"

ஒரே ஒரு நீள வாக்கியம். சுகிர்தா வழக்கம்போல உரக்கத் தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டாள். யாரோ யாரையோ இருக்கவிடும்படி யாரிடமோ கேட்டிருக்கிறார்கள். கம்பெனி இவனை இருக்கச் சொல்கிறதா? ஸ்டாம்பை மெஷினருகே நகர்த்தினாள். பொருந்தவில்லை. மறுபடி படித்தாள். ஸ்டாம்பைத் திருப்பினாள். மூன்றாம் முறை படித்தபோது வண்டி ஓடியது: லீவு அனுமதிக்கப்பட்டிருந்தது, அடுத்த வருஷம் வரை என்னை இங்கேயே இருக்கவிடுங்கள் என்று தாங்கள் கேட்டுக்கொண்டதால், அதைத் தள்ளி வைக்கிறோம்.

தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ? ஆறு ஆடுகள் கண்முன் வந்து போயின. இன்னொரு தடவை படித்தாள். ஆள்கள் அவரவர் இடத்திலேயே நின்றார்கள். சொல்லலாமா, கூடாதா என்று தெரியாமல், கை போன போக்கில் பஞ்சிங் மெஷினைத் தூக்கிப் பிரிண்டர் மேல் வைத்தாள்.

ஜஸீமா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பெரிய மிசின ஏன்க்கா எடுத்துட்டீக?"

சுகிர்தா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப கம்பெனி விட்டுட்டாகளா?"

"விட்டாச்சு மக்கா. நாலு மாசமாச்சு."

ஜஸீமா மேசையில் மிச்சமிருந்த இரண்டையும் பார்த்தாள். பசை பாட்டிலைச் சந்தேகத்தோடு லேசாகத் தொட்டாள்.

"மாமிக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கேன்" என்றாள் சுகிர்தா. "தெரிஞ்சா இந்தப் பேப்பரைப் போன்ல வச்சிருப்பாகளா?"

"அப்ப அவுகளேவா?" ஜஸீமா முந்தானையை இழுத்துத் தலையைச் சரியாக மூடிக்கொண்டாள். "ஏன்க்கா அப்படிக் கேட்டாக?"

"அது இந்தப் பேப்பர்ல இல்லையேம்மா."

பிறகு ஜஸீமா, "கம்பெனிக்கு வேண்டாம்க்கா. அவுகளுக்கே எழுதுங்க" என்றாள். சுகிர்தா கீபோர்டைத் தமிழுக்கு மாற்றினாள். விரல்கள் விசைகளின் மேல் நின்றன. எத்தனையோ கலெக்டர்களுக்கு எழுதியவளுக்கு முதல் சொல் வரவில்லை.

"இத நான் எழுதக் கூடாது மக்கா" என்று கீபோர்டைத் தள்ளினாள். ஜஸீமாவின் செல்போனை எடுத்து, குரல் பதிவு செய்யும் இடத்தைக் காட்டி, அவள் கையிலேயே கொடுத்தாள். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்தினாள்.

உள்ளே, "ஜஸீமா பேசுதேன்" என்று ஒரு குரல் தொடங்கி நின்றது, மறுபடி தொடங்கியது. சுகிர்தா கதவைச் சாத்திவிட்டு வெளியே வெயிலில் வந்து நின்றாள். கையில் ரேஷன் கார்டோடு ஒரு பெரியவர் படியேறினார். அவருக்கு முன்னால் கையை நீட்டி மறித்தாள்.

"சர்வர் வேலை செய்யல அண்ணாச்சி. எப்ப வரும்னு தெரியல."